கொங்கில் மின்சாரம் – 23: வால்வு சூடேறும் வரை

1970 ஜூன் 19 அன்று பெருமாநல்லூரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் மூன்று விவசாயிகள் உயிரிழந்ததையும், 1972இல் மாட்டு வண்டிகள் கோவைச் சாலைகளை நிறைத்ததையும் சென்ற பகுதியில் பார்த்தோம். பம்ப்செட் மின்சாரம் யூனிட்டுக்கு 8 பைசாவா, 10 பைசாவா என்பதற்காக நடந்த போராட்டம் அது. கிணற்று மோட்டார் கொங்கு விவசாயிக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அதைவிடத் தெளிவாகச் சொல்லிவிட முடியாது. அந்த மோட்டார்கள் ஓடிய அதே கம்பியில்தான் இன்னொரு தொழிலும் பிழைத்தது. கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் மாரியம்மன் நோன்புக்கும் ‘ரேடியோ செட்’ கட்டிய மைக் செட்காரர்களின் தொழில் அது. அவர்களிடம் இருந்த வால்வு ஆம்ப்ளிஃபயர் இந்த மின்சாரத்தோடு எப்படிப் போராடியது என்பதை யாரும் சரியாக எழுதி வைக்கவில்லை. பாட்டு கேட்டது ஊருக்கு நினைவிருக்கிறது. பாட்டு வருவதற்கு முன் ஆம்ப்ளிஃபயருக்குள் நடந்தது ஊருக்குத் தெரியாது.

கம்பி வருவதற்கு முன்பிருந்து தொடங்குவோம். 1905இல் திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த கோவைக்காரர் சாமிக்கண்ணு வின்சென்ட், டூபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியை வாங்கிக்கொண்டு ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். 1914இல் கோவையில் வெரைட்டி ஹால் எழுந்தது. அப்போது படம் பேசவில்லை. 1931இல் ‘காளிதாஸ்’ வந்து தமிழ்ப் படம் பேசத் தொடங்கியதும் கொட்டகைக்குள் வால்வு வந்தாக வேண்டியதாயிற்று. திரைக்குப் பின்னால் ஸ்பீக்கர், புரொஜெக்டர் அறையில் ஆம்ப்ளிஃபயர், கொட்டகைக்கு வெளியே ஆயில் இன்ஜினும் ஜெனரேட்டரும். கம்பி போகாத ஊர்களில் மைக் செட் கார் பேட்டரியில் ஓடியது. பேட்டரியின் 6 வோல்ட் டி.சி.யை டிரான்ஸ்ஃபார்மர் ஏற்றித் தராது. அதனால் வைப்ரேட்டர் என்ற சிறு டப்பா, உள்ளேயிருக்கும் எஃகு நாக்கால் அந்த டி.சி.யை நொடிக்கு நூறு முறைக்கு மேல் வெட்டி வெட்டி டிரான்ஸ்ஃபார்மருக்குள் அனுப்பும். மறுபுறம் 250 வோல்ட் வரும். பாட்டு நிற்கும் இடைவெளியில் அந்த நாக்கின் இரைச்சல் தனியாகக் கேட்கும்.

பைகாரா நீர்மின் திட்டம் இதையெல்லாம் மாற்றியது. 1929இல் வேலை தொடங்கி, 1932இல் நீலகிரிச் சரிவில் சிங்காராவில் மின்சாரம் பிறந்தது. 3,000 அடிக்கு மேல் உயரத்திலிருந்து குழாயில் இறங்கும் தண்ணீர் டர்பைனைச் சுழற்றியது. அந்த மின்சாரம் கோவைக்கு வந்ததும் பஞ்சாலைகள் பெருகியதை முன்பே விரிவாகப் பார்த்துவிட்டோம். இங்கே நமக்கு வேண்டியது ஒன்றுதான்: வந்தது ஏ.சி. மின்சாரம். ஏ.சி. என்றால் டிரான்ஸ்ஃபார்மர் போடலாம்; ஒரே இரும்புச் சட்டத்தில் ஒரு சுற்றிலிருந்து 6.3 வோல்ட், இன்னொன்றிலிருந்து 350 வோல்ட் என்று வேண்டியதை எடுக்கலாம். கோவையில் டிரான்ஸ்ஃபார்மருக்குத் தட்டுப்பாடு இல்லை. 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் மோட்டார் செய்து காட்டிய ஊர் இது. மோட்டார் பெருகினால் மோட்டார் எரிவதும் பெருகும். எரிந்த மோட்டாருக்குக் காயில் கட்டும் கடைகளும் பெருகும். எனாமல் கம்பியும் ஸ்டாம்பிங் தகடும் இன்சுலேஷன் காகிதமும் ஊருக்குள்ளேயே கிடைத்தன. எரிந்துபோன ஆம்ப்ளிஃபயர் டிரான்ஸ்ஃபார்மரை மறுபடி சுற்ற மெட்ராஸ் போக வேண்டிய அவசியம் இல்லை.

1941இல் அதே ஜி.டி. நாயுடு, ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று அறிவித்தார். வெளிநாட்டு செட்டுகளின் விலைக்கு அது மிகமிகக் குறைவு. அந்தக் காலத்து ஐந்து வால்வு செட்டில் பொதுவாக நான்கு வால்வுகள்தாம் நிலையத்தைப் பிடித்து, பிரித்து, பெருக்கிப் பாட வைக்கும். ஐந்தாவது வால்வு பாடாது. அதன் பெயர் ரெக்டிஃபயர்; ஏ.சி.யை டி.சி.யாக மாற்றித் தருவது மட்டுமே அதன் வேலை. இந்தப் பகுதியின் கதாநாயகன் அந்த ஐந்தாவது வால்வு.

ஆம்ப்ளிஃபயரின் அடிப்பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்த்தால் வழி தெளிவாகத் தெரியும். மின்கம்பி முதலில் ஃப்யூஸுக்கும் சுவிட்சுக்கும் போகும், அங்கிருந்து டிரான்ஸ்ஃபார்மர். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து முக்கியமாக இரண்டு பாதை. ஒன்று தடித்த கம்பி, 6.3 வோல்ட்; அது வால்வுகளின் ஹீட்டரைச் சிவக்க வைக்கும். மற்றொன்று மெல்லிய கம்பி, நடு டேப்புக்கு இருபுறமும் 350 வோல்ட். அது ரெக்டிஃபயருக்குப் போய், அங்கிருந்து எச்.டி. எனப்படும் உயர் வோல்டேஜ் டி.சி.யாக வெளியே வரும். வந்த எச்.டி. நேராக வால்வுக்குப் போகாது. முதலில் ஒரு பெரிய எலக்ட்ரோலிடிக் கண்டன்ஸர், பிறகு சோக் என்ற கம்பிச் சுருள், அதன்பின் இன்னொரு கண்டன்ஸர். கிணற்று மோட்டார் விட்டு விட்டு அடிக்கும் தண்ணீரைத் தொட்டியில் தேக்கி வாய்க்காலில் சீராக விடுவதைப் போல முதல் கண்டன்ஸர் வேலை செய்கிறது. அதில் கோளாறு வந்தால் ஸ்பீக்கரில் ‘ஹம்’ என்ற இரைச்சல் ஏறும்.

இப்போது சுவிட்சைப் போடுங்கள். ரெக்டிஃபயர் 5யூ4 வகையாக இருந்தால் அதன் ஃபிலமென்ட்டே எலக்ட்ரானைக் கொட்டும். சில நொடிகளில் தயாராகிவிடும். அவுட்புட் வால்வான 6எல்6இல் எலக்ட்ரானைக் கொட்டும் கேத்தோடோ ஹீட்டருக்கு வெளியே இருக்கும் ஒரு குழல். அது சூடேறப் பத்துப் பதினைந்து நொடிகளாவது ஆகும். இந்த இடைவெளியில் எச்.டி. வந்துவிட்டது, வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. சுமை இல்லாத எச்.டி. எவ்வளவு ஏறும்? 350ஐ 1.414ஆல் பெருக்கினால் 495 வோல்ட். வால்வுகள் சூடேறி மின்சாரம் இழுத்த பிறகுதான் அது 400க்கு அருகே இறங்கும். கண்டன்ஸரின் மேல் அச்சிட்டிருப்பது 450 வோல்ட். ஒவ்வொரு முறை சுவிட்ச் போடும்போதும் அந்தப் பத்து நொடி கண்டன்ஸர் தன் தாங்குசக்திக்கு மேல் நிற்கிறது.

“ஏனுங்க, பாட்டு போடலீங்களா?” என்று கேட்பவருக்கு, “சித்த பொறுங்க, வால்வு சூடாவட்டுமுங்க” என்று செட்காரர் சொல்லும் அந்த நேரம்தான் ஆம்ப்ளிஃபயருக்கு ஆபத்தான நேரம்.

இது மின்சாரம் 230 வோல்ட்டில் நிற்கும் ஊருக்கான கணக்கு. கொங்கு கிராமத்தில் மின்சாரம் 230இல் நின்றதா? கம்பியின் கடைசிக் கம்பத்தில், சுற்றிலும் கிணற்று மோட்டார்கள் ஓடும் நேரத்தில், 170 வோல்ட் வருவது புதிதல்ல. 170 வந்தால் ஹீட்டருக்கு 6.3க்குப் பதில் 4.7 வோல்ட்டுக்கும் குறைவாகத்தான் கிடைக்கும். கேத்தோடு பாதிச் சூட்டில் நிற்கும், எலக்ட்ரான் போதாது, சத்தம் சோர்ந்து போகும், உச்ச ஸ்தாயியில் குரல் கிழியும். செட்காரர் என்ன செய்வார்? டிரான்ஸ்ஃபார்மரின் பின்பக்கம் டேப்பிங் மாற்றும் இடம் இருக்கும். 230இல் இருப்பதை 200க்கு மாற்றுவார். ஹீட்டர் ஓரளவு தேறும், பாட்டும் தேறும். அதுவரை அவர் செய்தது சரியான வைத்தியம்.

இரவு மோட்டார்கள் ஒவ்வொன்றாக நிற்கும். வோல்டேஜ் ஏறும். எல்லாம் நின்றபின் கம்பியில் 250 வோல்ட் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டேப்பிங் இன்னும் 200இல் இருக்கிறது. ஹீட்டருக்கு இப்போது 7.9 வோல்ட். எச்.டி.யின் உச்சம் 495 அல்ல, 619. சாமி ஊர்வலம் முடிந்து விடியற்காலை பக்திப் பாட்டு போட மறுபடி சுவிட்சைத் தட்டினால், 450 வோல்ட் கண்டன்ஸர் மேல் 619 வோல்ட் உட்காரும். ‘டப்’ என்ற வெடிப்பும், மீன் கெட்டது போன்ற நாற்றமும், சேஸிஸ் முழுக்க அலுமினியத் தாளும் காகிதமும் ஒட்டிய குழம்பும்தான் மிச்சம். கண்டன்ஸர் ஷார்ட் ஆனதும் ரெக்டிஃபயர் போகும். ரெக்டிஃபயர் போவதற்குள் ஃப்யூஸ் போகவில்லை என்றால் டிரான்ஸ்ஃபார்மரும் போகும். ஃப்யூஸ் இருக்க வேண்டிய இடத்தில் சிகரெட் பெட்டி ஈயத்தாளோ கம்பி இழையோ இருந்தால் அது எப்படிப் போகும்?

குறைந்த வோல்டேஜைத்தான் எல்லோரும் குற்றம் சொன்னார்கள். ஆம்ப்ளிஃபயரைக் கொன்றது பெரும்பாலும் அதற்குப் பின் வந்த அதிக வோல்டேஜ் என்பதே என் முடிவு. பகலில் செய்த வைத்தியம் இரவில் நஞ்சாக மாறியது. செட்காரருக்கு வோல்ட் மீட்டர் ஒன்று இருந்திருந்தால் எத்தனையோ டிரான்ஸ்ஃபார்மர்கள் பிழைத்திருக்கும்.

இதே பத்து நொடிப் பிரச்சினையை உலகின் வேறு மூலைகளில் வேறு விதமாக அணுகினார்கள். அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில் 1938இல் ரேடியோ ரிப்பேர் கடை வைத்தவர் லியோ ஃபெண்டர். ரேடியோ மெக்கானிக்காகத் தொடங்கிப் பின்னர் கிட்டாருக்கு ஆம்ப்ளிஃபயர் செய்தார். 1950களின் அவருடைய பெரிய ஆம்ப்ளிஃபயர்களில் இரண்டு சுவிட்சுகள் வந்தன. ஒன்று மின்சாரத்துக்கு, மற்றொன்றின் பெயர் ‘ஸ்டாண்ட்பை’. முதல் சுவிட்சைப் போட்டால் ஹீட்டர் சூடேறும். சிறிது பொறுத்து இரண்டாவதைப் போட்டால் எச்.டி. வால்வுக்குப் போகும். கச்சேரி இடைவேளையில் எச்.டி.யை நிறுத்தி, ஹீட்டரைச் சூடாகவே வைக்கலாம்.

இந்த வழக்கம் கிட்டாருக்காகப் பிறந்ததல்ல. தகவல் தொடர்பு ரேடியோக்களில், நாம் பேசும்போது நம் ரிசீவர் கத்தாமல் இருக்க அதன் எச்.டி.யை வெட்டும் சுவிட்ச் முன்பே இருந்தது. பாதரச ஆவி நிரப்பிய ரெக்டிஃபயர் வைத்த டிரான்ஸ்மிட்டர்களில் அது உயிர் காக்கும் சுவிட்ச். 866 வகை ரெக்டிஃபயருக்கு அரை நிமிடமாவது ஃபிலமென்ட்டைச் சூடாக்கிய பிறகே, எலக்ட்ரானை வாங்கும் பிளேட்டுக்கு வோல்டேஜ் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் அது அழிந்துவிடும். ஃபெண்டரின் பாஸ்மேன் ஆம்ப்ளிஃபயரில் 5எஃப்6 என்ற வடிவத்தில் நீல ஒளி வீசும் 83 என்ற பாதரச ரெக்டிஃபயர்தான் இருந்தது. அடுத்து வந்த 5எஃப்6-ஏயில் அதற்குப் பதில் ஜிஇசட்34 வந்தது. ஜிஇசட்34இன் கேத்தோடும் குழல் வகைதான். அவுட்புட் வால்வுகளோடு சேர்ந்தே மெல்லச் சூடேறும், எச்.டி.யும் மெல்லவே ஏறும். அதாவது ஸ்டாண்ட்பை சுவிட்ச் செய்ய வேண்டிய வேலையை ரெக்டிஃபயரே செய்துவிடுகிறது. ஆனாலும் சுவிட்ச் அங்கேயே இருந்தது. லண்டனில் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷலும் அவருடைய ஆட்களும் 1962இல் அந்த பாஸ்மேனைப் பார்த்துத் தங்கள் முதல் ஆம்ப்ளிஃபயரைச் செய்தபோது சுவிட்சும் கூடவே போனது.

சுவிட்சை எங்கே வைப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ரெக்டிஃபயருக்கும் முதல் கண்டன்ஸருக்கும் நடுவில் வைத்தால், வால்வுகள் சூடேறும் வரை கண்டன்ஸர்கள் மேல் வோல்டேஜ் ஏறாது. ஆனால் சுவிட்சைப் போடும் கணத்தில் காலியான கண்டன்ஸர், நன்கு சூடேறிய ரெக்டிஃபயரிலிருந்து ஒரே இழுப்பில் மின்சாரத்தை உறிஞ்சும். ரெக்டிஃபயருக்குள் பொறி பறக்கும். கேத்தோடு பூச்சு உதிரும். சுவிட்சின் வெள்ளிப் புள்ளியும் கருகும், ஏனென்றால் ஏ.சி.யில் நொடிக்கு நூறு முறை தானாக அணையும் பொறி டி.சி.யில் அணைவதில்லை. பாஸ்மேனில் செய்தபடி முதல் கண்டன்ஸருக்குப் பின்னால் வைத்தால் ரெக்டிஃபயருக்கு இந்த அடி குறையும். ஆனால் முதல் கண்டன்ஸர் சுமையில்லாத முழு வோல்டேஜையும், ஸ்டாண்ட்பையில் இருக்கும் நேரமெல்லாம், தனியாகத் தாங்க வேண்டும். எதைக் காப்பாற்ற சுவிட்ச் வைத்ததாகச் சொல்கிறார்களோ அதன்மேலேயே பாரம் கூடுகிறது.

இந்த இரண்டாவது முறையில் ஒரு கொடிய ஆபத்தும் உண்டு. ஸ்டாண்ட்பையில் வைத்துவிட்டு மெயின் சுவிட்சை அணைத்தால் முதல் கண்டன்ஸரிலிருந்து மின்சாரம் வடிய வழி இல்லை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது நானூறு வோல்ட்டுக்கு மேல் வைத்துக்கொண்டு காத்திருக்கும். கரண்ட் இல்லையே என்று உள்ளே கை வைக்கும் மெக்கானிக்கின் நெஞ்சுக்கு அது போதும். அந்தக் கண்டன்ஸருக்குக் குறுக்கே 220 கிலோஓம், 3 வாட் ரெசிஸ்டர் ஒன்று போட்டால், 40 மைக்ரோஃபாரட் கண்டன்ஸர் ஒரு நிமிடத்துக்குள் வடிந்துவிடும். சில ரூபாய் விலையுள்ள அந்த ரெசிஸ்டர் இல்லாத எந்த ஆம்ப்ளிஃபயரையும் நான் முழுமையானதாக ஏற்க மாட்டேன்.

நம் ஊருக்குத் திரும்புவோம். இங்கே தனி கிட்டார் ஆம்ப்ளிஃபயர் அரிது. மெல்லிசைக் கச்சேரிகள் பெருகியபோது கிட்டார் ஒயரையும் மைக் செட்டிலேயே செருகினார்கள். டெல்லியில் 1940இல் தொடங்கிய அஹுஜாவின் ஆம்ப்ளிஃபயர்கள் ஊரெங்கும் இருந்தன. வால்வுகள் முதலில் இறக்குமதி. பெங்களூரில் 1954இல் பிறந்த பாரத் எலக்ட்ரானிக்ஸ் 1961இல் வால்வு உற்பத்தியைத் தொடங்கியதும் பிஇஎல் முத்திரையுள்ள இஎல்84 போன்ற வால்வுகள் ரேடியோ கடை அலமாரிகளில் அடுக்கப்பட்டன. வீட்டு ரேடியோவில் ஸ்டாண்ட்பை சுவிட்ச் கிடையவே கிடையாது என்பதை இங்கே சேர்த்துப் பாருங்கள். 1966இல் கோவை வானொலி நிலையம் வந்த பிறகு காலையிலும் மாலையிலும் போட்டு அணைத்து, போட்டு அணைத்து, இருபது வருடம் ஓடிய வால்வு ரேடியோக்கள் நம் வீடுகளில் இருந்தன. எச்.டி.யை முன்பே கொடுத்தால் கேத்தோடு உரிந்துவிடும் என்ற பயம் ஆயிரக்கணக்கான வோல்ட் ஓடும் டிரான்ஸ்மிட்டர் வால்வுக்குப் பொருந்தும்; முந்நூறு நானூறு வோல்ட் வால்வுக்கு அந்த ரேடியோக்களே பதில். எதிர்ப்பக்கத்தில் இன்னொரு உண்மையும் உண்டு. பிளேட்டில் மின்சாரம் ஓடாமல் ஹீட்டரை மட்டும் மணிக்கணக்கில் எரிய விட்டால், கேத்தோடுக்குள் மின்தடைப் படலம் படிந்து வால்வு மந்தமாகும். இடைவேளையில் பத்து நிமிடம் என்றால் பாதகமில்லை. இரவு முழுக்க ஸ்டாண்ட்பையில் விடுவது வால்வுக்குச் செய்யும் நன்மை அல்ல.

பிறகு பிஒய்127 வந்தது. அந்தச் சிறு சிலிக்கன் டையோடை அறியாத ரேடியோ மெக்கானிக் தமிழ்நாட்டில் இருந்திருக்க முடியாது. ரெக்டிஃபயர் வால்வு கிடைக்கவில்லையா? இரண்டு டையோடை சாக்கெட்டின் அடியில் பற்றவைத்தால் முடிந்தது. சூடேற வேண்டாம், ஃபிலமென்ட் மின்சாரமும் மிச்சம். அதனாலேயே இரண்டு மாற்றங்கள் சேர்ந்து வந்தன. வால்வு ரெக்டிஃபயருக்குள் இழந்த பல பத்து வோல்ட் இப்போது இழக்கப்படவில்லை; எச்.டி. நிரந்தரமாக உயர்ந்துவிட்டது. மேலும், சுவிட்ச் போட்ட மறுகணமே, ஒரு வால்வும் சூடாகாத நிலையில், முழு உச்சமும் கண்டன்ஸர்கள் மேல் விழுந்தது. ரெக்டிஃபயரை மாற்றியவர் கண்டன்ஸரையும் மாற்றியிருக்க வேண்டும். கடையில் கிடைத்தது 450 வோல்ட்தான் என்றால், இரண்டைத் தொடராக இணைத்து, ஒவ்வொன்றுக்கும் குறுக்கே சம மதிப்புள்ள ரெசிஸ்டர் போட்டு, வோல்டேஜைச் சரிபாதியாகப் பிரித்துவிட்டிருக்கலாம். 1960களின் ஃபெண்டர் ஆம்ப்ளிஃபயர்களிலேயே 350 வோல்ட் கண்டன்ஸர்கள் அப்படி இணைந்து 700 தாங்கின. பாதுகாப்பு என்பது சுவிட்சில் இல்லை. சுமையே இல்லாமல் நாள் முழுக்க நின்றாலும் தாங்கும் கண்டன்ஸரில் இருக்கிறது. கம்பியில் 250 வோல்ட் வந்தாலும் தாங்குமா என்று கணக்குப் போட்டு வாங்கினால் கொங்கு மின்சாரத்துக்கும் அது ஈடுகொடுக்கும்.

ஸ்டாண்ட்பை சுவிட்ச் வேண்டவே வேண்டும் என்பவர், சுவிட்சுக்குக் குறுக்கே 47 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்றை நிரந்தரமாகப் போட்டுவிடலாம். சுவிட்ச் திறந்திருக்கும்போதும் பின்னால் உள்ள கண்டன்ஸர்கள் மெல்ல நிரம்பியிருக்கும். சுவிட்ச் போடும்போது உறிஞ்சல் இருக்காது, ‘டொக்’ என்ற சத்தமும் குறையும்.

அந்தக் கால ஆம்ப்ளிஃபயர்கள் இன்னும் பரணில் கிடக்கின்றன. தாத்தா வைத்திருந்த செட்டை ஓடவைக்க விரும்புகிறவர்கள் அதை நேரே பிளக்கில் சொருக வேண்டாம். பல வருடம் மின்சாரம் காணாத எலக்ட்ரோலிடிக் கண்டன்ஸருக்குள் இருந்த ஆக்சைடு படலம் தேய்ந்திருக்கும். வோல்டேஜை ஏற்றி இறக்க உதவும் வேரியாக் என்ற டிரான்ஸ்ஃபார்மரில் 40, 50 வோல்ட்டில் தொடங்கிச் சில மணி நேரத்தில் படிப்படியாக ஏற்றினால் படலம் மறுபடி உருவாகலாம். இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு: ரெக்டிஃபயர் வால்வு குறைந்த வோல்டேஜில் சூடேறாது, எச்.டி.யே வராது, பாதி வழியில் திடீரென்று விழித்துக்கொண்டு ஒரே தாவலாக ஏற்றிவிடும். ஆகவே அந்தச் சில மணி நேரத்துக்கு மட்டும் வால்வுகளைக் கழற்றிவிட்டு, ரெக்டிஃபயர் இடத்தில் டையோடு போட்டு, எச்.டி.க்கு வரிசையில் ஒரு பெரிய ரெசிஸ்டரையும் மீட்டரையும் வைத்துப் பார்க்க வேண்டும். கண்டன்ஸர் சூடானால் அதைத் தூக்கி எறியுங்கள். வேலை முடிந்ததும் டையோடை எடுத்துவிட்டுப் பழைய ரெக்டிஃபயரையே போடுங்கள். போடுவதற்கு முன் பின்பக்கம் டேப்பிங் எதில் நிற்கிறது என்று பாருங்கள். 200இல் இருந்தால் 230க்கு மாற்றுங்கள். 245 இருந்தால் அதற்கே மாற்றுங்கள்.

ஏறி இறங்கும் வோல்டேஜோடு போராட வீட்டுக்கு வீடு ஸ்டெபிலைசர் வந்த கதை அடுத்த பகுதியில்.

(தொடரும்)